பச்சைப் புள்ளிக்குள் ஒரு சேரி: சாலைத் திட்டங்களும் வரைபடத் தரவும்



நினைவுச் சொற்பொழிவை மறைந்தவரின் பெருமை சொல்லித் தொடங்குவது வழக்கம். இன்று நாம் யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அவருக்கு அந்த வழக்கம் பிடிக்காது. இந்த மன்றத்தின் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மேடையில் எவ்வளவு பெரிய பேச்சாளர் இருந்தாலும் ஏழரை மணி ஆனால் எழுந்து நின்று, "காலனிப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் போய்விடும், முடித்துக்கொள்ளலாம்" என்பார். பேச்சாளர்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு. எனக்கு அப்போது அது ஒரு பெரியவரின் பதற்றமாகத் தெரிந்தது. பின்னாளில்தான் அது ஓர் அரசியல் என்று புரிந்தது. எனவே இன்று சாலையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும், அவற்றை யாருக்கு முதலில் தருவது என்று தீர்மானிக்கும் வரைபடங்களைப் பற்றியும் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனிக்குத் தார்ச்சாலை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டு போனோம். அங்கிருந்த பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். தன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சைப் புள்ளியாக இருந்தது. "பாருங்கம்மா, உங்க ஊர் ஏற்கெனவே இணைக்கப்பட்டாச்சு. இணைக்காத ஊருக்குத்தான் முதலில் தர முடியும்" என்றார். ஊரின் தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து எங்கள் காலனி 380 மீட்டர். நடுவில் ஒரு வாய்க்கால். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் வரை தண்ணீர் போகும். அதைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.

அந்தப் பொறியாளர் பொய் சொல்லவில்லை. வரைபடமும் பொய் சொல்லவில்லை. விதிப்படி எங்கள் காலனி இணைக்கப்பட்டதுதான். அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்பதற்காகவே இந்த உரை.

வரிசை எப்படிப் போடப்படுகிறது?

எல்லா ஊருக்கும் ஒரே ஆண்டில் சாலை போட எந்த அரசிடமும் பணம் இல்லை. எது முதலில், எது பிறகு என்று வரிசை போட வேண்டும். முன்பு அந்த வரிசையை அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், ஒன்றியத் தலைவர், ஒப்பந்ததாரர் ஆகியோர் போட்டார்கள். நிலம் உள்ளவனின் வயல் வரை சாலை போனது. வரைபடத் தரவு வந்த பிறகு அந்த வேலையின் ஒரு பகுதியைக் கணக்கு செய்கிறது.

செயல்முறை எளிது. ஒரு வட்டாரத்தின் வரைபடத்தின் மேல் அடுக்கு அடுக்காகத் தகவலைப் போடுகிறார்கள். ஓர் அடுக்கில் குடியிருப்புகள், ஒன்றில் சாலைகள், ஒன்றில் பள்ளிகள், ஒன்றில் மருத்துவமனைகள், ஒன்றில் சந்தைகள். எந்தக் குடியிருப்பு எந்தச் சாலைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எந்தச் சாலை எத்தனை பேரை எந்த வசதியோடு சேர்க்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் பட்டியல் வந்துவிடும்.

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம். 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்த நாள், வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்த நாள் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் அதே டிசம்பர் 25. அத்திட்டத்தின் முதல் கட்ட விதி இது: சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலை, பழங்குடி, பாலைவனப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் உள்ள, சாலை இல்லாத குடியிருப்புகளுக்கு எந்த மழையிலும் போகக்கூடிய சாலை. பெரிய குடியிருப்புக்கு முன்னுரிமை. 2019-இல் வந்த மூன்றாம் கட்டம் 1,25,000 கிலோமீட்டர் சாலைகளை மேம்படுத்துவது. சந்தை, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றோடு ஒரு சாலை எவ்வளவு மக்களைச் சேர்க்கிறது என்று மதிப்பெண் போட்டு அங்கே வரிசை அமைந்தது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நான்காம் கட்டம் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை என்கிறது. அதற்கு அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கு.

இந்த முறையை நான் குறைத்துப் பேச வரவில்லை. சிபாரிசைவிடக் கணக்கு நல்லது. கணக்கில் தவறு இருந்தால் எந்த வரியில் தவறு என்று சுட்டிக்காட்ட முடியும். சிபாரிசில் அது முடியாது. ஆனால் சாதி கணக்குக்குள் நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல்: எதை ஓர் ஊர் என்று எண்ணுகிறோம்?

மக்கள்தொகைக் கணக்கின் கிராம விவரப் பட்டியல் வருவாய்க் கிராமம் என்ற அலகில் இருக்கிறது. அங்கே "பஸ் வசதி உண்டு" என்று எழுதியிருந்தால், வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்கோ பஸ் நிற்கிறது என்று பொருள். ஊரில் நிற்கிறதா, சேரியில் நிற்கிறதா என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை. நம் கிராமம் ஒரு பெயரில் இரண்டு இடம். அந்த இரண்டையும் ஒரே புள்ளியாக்கி எழுதும்போது ஊரின் வசதி சேரியின் வசதியாகப் பதிவாகிறது.

தலித்துகளுக்கென்றே வந்த திட்டத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 2009-10-இல் தொடங்கிய பிரதமர் ஆதர்ஷ் கிராமத் திட்டம், மக்கள்தொகையில் பாதிக்கு மேல் பட்டியல் சாதியினர் உள்ள கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. பிற்பாடு அந்த அளவு 40 விழுக்காடாகக் குறைந்தது. 2000 பேர் உள்ள கிராமத்தில் 300 பேர் காலனியில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அது 15 விழுக்காடு. அந்த 300 பேரும் வரிசையிலேயே வரமாட்டார்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒருவர். ஆனால் பெரும்பாலான கிராமங்களில் சிறுபான்மை. விழுக்காட்டைக் கிராம அளவில் போட்டால் நம்மில் பெரும்பகுதி காணாமல் போகிறது.

இது நம் ஊகம் மட்டுமல்ல. சாம் ஆஷர், பால் நோவோசாட் முதலிய பொருளியல் ஆய்வாளர்கள் இந்தியாவின் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளின் தரவை ஆராய்ந்தார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளி, மருத்துவம் போன்ற பொது வசதிகள் குறைவு என்று கண்டார்கள். மாவட்டச் சராசரி பார்ப்பவருக்கு அந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. குடியிருப்பு வரை இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாம் வாசல்: 500 மீட்டர்

கிராமச் சாலைத் திட்டம் வருவாய்க் கிராமத்தை விட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்துக்கொண்டது. இது ஒரு முன்னேற்றம். ஆனால் அதோடு சேர்ந்து வந்த தொலைவு விதியைக் கவனியுங்கள். சமவெளியில் ஒரு குடியிருப்பு சாலையிலிருந்தோ, ஏற்கெனவே சாலை உள்ள குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருந்தால்தான் அது "இணைக்கப்படாத" குடியிருப்பு. மக்கள்தொகையை எண்ணும்போது 500 மீட்டர் சுற்றளவில் உள்ள குடியிருப்புகளை ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு விதியையும் நம் கிராமத்தில் வைத்துப் பாருங்கள். சேரி ஊரை விட்டுத் தள்ளி இருக்கும். ஆனால் வயல் வேலைக்கு விடிகாலையில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும். அந்தத் தூரம் பல இடங்களில் 500 மீட்டருக்குள் அடங்கும். ஆள் எண்ணும்போது நம் 300 பேரும் ஊரோடு சேர்ந்து 2000 ஆகிறோம். அதனால் ஊருக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கிறது. சாலை வருகிறது, ஊரோடு நிற்கிறது. நின்ற அந்த நிமிடத்தில் 500 மீட்டர் விதிப்படி நாமும் "இணைக்கப்பட்டோம்". எண்ணிக்கைக்கு நாம் உள்ளே. சாலைக்கு நாம் வெளியே. பச்சைப் புள்ளி மட்டும் பொது.

இன்னொன்று. வரைபடத்தில் 380 மீட்டர் என்பது ஒரு கோடு. அந்தக் கோடு ஊர்த் தெரு வழியாகப் போகிறது. அந்தத் தெருவில் எல்லோரும் எப்போதும் ஒரே மாதிரி நடக்க முடியும் என்று கம்ப்யூட்டர் நம்புகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டும் போன தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. திருவிழா நாளில், தேர்தல் நாளில், ஒரு காதல் திருமணத்துக்கு மறுநாளில் அந்தத் தெரு எத்தனை மீட்டர்?

வரைபடக் கணக்கில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு தடை மதிப்பு கொடுப்பார்கள். மேடு, பள்ளம், நெரிசல் இருந்தால் மதிப்பு கூடும். ஒரு கிலோமீட்டர் மண் பாதையை இரண்டு கிலோமீட்டருக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தடை மதிப்பு உண்டு. சாதிக்கு இல்லை.

மூன்றாம் வாசல்: எதற்கு மதிப்பெண்?

சந்தைக்கு மதிப்பெண் உண்டு. விற்க விளைச்சல் உள்ளவருக்குச் சந்தை முக்கியம். நிலம் இல்லாத கூலிக்கு அதைவிட முக்கியமானவை வேறு: வேலை கிடைக்கும் நகரம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், கல்லூரி விடுதி, காவல் நிலையம், சுடுகாடு. சுடுகாட்டைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. பிணம் போகும் பாதையும் போக்குவரத்துதான். எந்த மதிப்பெண் பட்டியலிலும் அதை நான் பார்த்ததில்லை.

பஸ்ஸுக்கும் இதே கேள்வி. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூலி வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு அது மாத வருமானத்தில் கண்ணுக்குத் தெரியும் மிச்சம். ஆனால் டவுன் பஸ் வராத இடத்தில் இலவச டிக்கெட்டுக்குப் பொருள் இல்லை. ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துத்தான் அந்தப் பெண் இலவச பஸ்ஸைப் பிடிக்கிறாள். எத்தனை கோடி பயணம் என்ற கணக்கில் அவள் தொடங்கிய இடம் பதிவாகாது.

சாலை நமக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை?

"சாதி ஒழிப்பு பேசும் மன்றத்தில் தார்ச்சாலை பேச்சா?" என்று கேட்கலாம். பொதுவழியில் நடக்கும் உரிமையிலிருந்துதான் நம் அரசியல் தொடங்கியது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் வந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராட்டம் நடந்தது.

1997-ஐ நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்க சாதி. தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. பஸ் வெறும் வண்டி அல்ல என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தது அவர்களுக்கு.

சாலை வந்தால் என்ன நடக்கிறது? ஆஷரும் நோவோசாட்டும் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதுச் சாலை வந்த கிராமங்களில் விளைச்சலோ சொத்தோ பெரிதாக உயரவில்லை. தெளிவாக நடந்தது ஒன்று: ஆட்கள் வயல் வேலையை விட்டு வெளி வேலைக்குப் போனார்கள். இதைப் படித்துவிட்டு, சாலையால் பெரிய பலன் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நாம் அதை வேறு மாதிரி படிக்க வேண்டும். தன்னிடம் வேலை செய்பவனின் தெருவுக்கும் சாலைக்கும் நடுவே 380 மீட்டர் சேறு இருந்தால் யாருக்கு லாபம்? இன்று காலை வேறு வேலைக்குப் போய்விடலாம் என்ற வாய்ப்புதான் பண்ணையாரின் குரலைத் தணிக்கிறது. நிலம் கிடைக்காத நமக்கு, நிலத்தை விட்டுப் போகும் வழியும் விடுதலையின் ஒரு பகுதி.

வேறு நாட்டில் நடந்தது

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பஸ் பயணிகள் சங்கம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன், ஆசிய உழைப்பாளர்கள். போக்குவரத்து நிர்வாகம் பணத்தைப் புறநகர் ரயிலுக்குக் கொட்டியது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகக்கூட இடமில்லை. 1994-இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். யார் எதில் பயணம் செய்கிறார்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்ற கணக்கே அவர்களின் ஆயுதம். 1964 குடிமை உரிமைகள் சட்டம் அவர்களின் அடிப்படை. 1996-இல் நிர்வாகம் இறங்கிவந்து பத்தாண்டு உடன்படிக்கை செய்தது. நெரிசலைக் குறைக்க வேண்டும், பஸ்களைக் கூட்ட வேண்டும், கட்டணத்தை மட்டுப்படுத்த வேண்டும் என்றது அது. தரவு மட்டும் வென்றுவிடவில்லை. தரவோடு ஒரு சட்டமும் பஸ்ஸுக்குள் ஏறி ஆள் சேர்த்த சங்கமும் இருந்தன.

நம்மிடமும் ஒரு சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் துணைத்திட்ட நிதிக்குத் தமிழ்நாடு 2024-இல் சட்டம் இயற்றியது. பொதுவாகப் போடும் சாலையில் ஒரு பங்கை நம் கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை நாம் நெடுங்காலமாகக் கண்டித்துவருகிறோம். அந்தப் பங்கு எந்தக் காலனி வரை போய் முடிந்தது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லும் உரிமையை இனி நாம் பயன்படுத்த வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

இங்கே இருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் கையில் ஜி.பி.எஸ். உள்ள போன் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கிராமச் சாலை வரைபடத் தரவைப் பொதுவில் வெளியிட்டது. லட்சக்கணக்கான குடியிருப்புகள், சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் அதில் உள்ளன. நாங்கள் சில காலனிகளில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், அரசு வரைபடத்தில் நம் காலனிக்குத் தனிப் புள்ளி இருக்கிறதா, ஊரோடு கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். தனிப் புள்ளி இல்லையென்றால் முதல் கோரிக்கை அதுதான். சாலை பிறகு.

இரண்டாவது, நடந்து அளங்கள். காலனியின் கடைசி வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை. மக்கள் உண்மையில் போகும் வழியில், மழைக்காலத்தில் ஒரு முறை, வெயில்காலத்தில் ஒரு முறை. வாய்க்கால், சேறு, விளக்கில்லாத இடம், ஆட்கள் சுற்றிப் போகும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஏன் சுற்றிப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, நேரத்தை எழுதுங்கள். முதல் பஸ், கடைசி பஸ், ஞாயிற்றுக்கிழமை பஸ். பிளஸ் ஒன் படிக்கும் பெண் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள்? 108 வண்டி எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

நான்காவது, பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் சொன்ன வழியை வைத்து நாங்கள் போட்ட முதல் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் பெரியம்மா ஒருவர், "ஆறு மணிக்கு மேல இந்த வழியில நாங்க போறதே இல்லையே தம்பி" என்று எங்கள் குழுப் பையனிடம் சொன்னார். பாதி வேலையை மறுபடி செய்தோம்.

ஐந்தாவது, அந்த வரைபடத்தைக் கிராம சபையில் வையுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் இருக்கின்றன. தீர்மானத்தில் "சாலை வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது மனு. "இத்தனை பேர், இத்தனை மீட்டர், இத்தனை மாதம் துண்டிப்பு" என்று எழுதினால் அது தரவு. மறுப்பவர் எண்ணால் மறுக்க வேண்டியிருக்கும். பதில் வராவிட்டால், வரிசைப் பட்டியலையும் அதன் மதிப்பெண்ணையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாம் எடுக்கும் வரைபடம் நம்மைக் குறிவைக்கவும் பயன்படலாம். யார் வீட்டில் சாதி மறுப்புத் திருமணம், யார் தனியாக இருக்கும் பெண் என்பதெல்லாம் வரைபடத்துக்குள் போகக் கூடாது. பாதை பொதுவில் இருக்கட்டும். வீடும் பெயரும் நம் குறிப்பேட்டைத் தாண்ட வேண்டாம்.

பெரிய கோரிக்கையும் ஒன்று இருக்கிறது. 2027 மார்ச் 1-ஐ மையமாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கு சாதி விவரத்தோடு எடுக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். எந்தச் சாதி எத்தனை பேர் என்ற பெருந்தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் தரவு எந்த அலகில் வெளிவரும் என்று நாம் கேட்க வேண்டும். மாவட்டத் தொகையும் கிராமத் தொகையும் மட்டும் வந்தால் ஊரும் சேரியும் மறுபடியும் ஒரே புள்ளிதான். வசதிகளின் பட்டியல் குடியிருப்பு வாரியாக வேண்டும். 500 மீட்டர் விதியில், பட்டியல் சாதிக் குடியிருப்பைத் தனிக் குடியிருப்பாக எண்ண வேண்டும். இந்த இரண்டையும் நம் அமைப்புகள் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.

எங்கள் காலனிக் கதையை முடித்துவிடுகிறேன். நடந்து அளந்த வரைபடத்தோடு மறுபடி போனோம். வாய்க்கால் மேல் சிறுபாலம் வந்தது. சாலையில் பாதி தார், பாதி இன்னும் ஜல்லி. பஸ் இப்போதும் ஊரில்தான் நிற்கிறது. அதற்கான மனு ஒன்றியத்தில் இருக்கிறது, அடுத்த கிராம சபையிலும் வைப்போம்.

மணி ஏழேகால் ஆகிறது. கேள்விகள் இருந்தால் பஸ் நிறுத்தம் வரை பேசிக்கொண்டே நடக்கலாம். அவர் இருந்திருந்தால் இந்நேரம் எழுந்திருப்பார். ஜெய்பீம்.